அடித்தலும் அழித்தலும்: பதிப்புக் கருவி மாறும்போது நேரும் பிழைகள் குறித்து

1

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குக் கணினிக் கருவிகளைப் பற்றி எழுத என்ன வந்தது என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் ஒரு சொல்லைத் தவறாக வாசித்ததில் என்னுடைய நாலு மணி நேர உழைப்பு போச்சு. இன்னொரு தோழரின் உழைப்பும் போகப் பார்த்தது. அந்தச் சொல் 'ரிவர்ட்'. சொற்களை வாசிப்பதுதான் என் வேலை என்பதால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து துப்புரவுப் பணியாளர்களின் வாய்மொழி வரலாறுகளை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கிக்கொண்டிருந்தோம். ஒரே பிரதியில் ஐந்து பேர் கைவைத்தால் என்ன ஆகும் என்பது சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும். யார் எதை மாற்றினார், எப்போது மாற்றினார், மாற்றுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. எங்களில் ஒருவர் மென்பொருள் வேலையில் இருப்பவர். நிரல் எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலுக்கென்றே வைத்திருக்கும் கருவிகளில் ஒன்றான 'சப்வெர்ஷ'னை அவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். நாலைந்து வருஷம் அதில் ஓடியது. 2019இல் 'கிட்' என்ற வேறொரு கருவிக்கு மாறினோம். மாறிய மூன்றாவது வாரம் அந்த ராத்திரி வந்தது.

2

இந்தக் கருவிகள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பிரதியின் எல்லா நிலைகளையும் அவை சேமித்து வைக்கின்றன. 'இந்த இடத்தில் நிறுத்தி ஒரு பதிவு போடு' என்று சொன்னால் (இதற்குக் 'கமிட்' என்று பெயர்) யார், எப்போது, எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற குறிப்போடு அந்த நிலை களஞ்சியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எந்த நிலைக்கும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். சுவடிப் பதிப்பு படித்தவர்களுக்குப் பாடபேதம் என்றால் என்னவென்று தெரியும். தான் ஏற்காத பாடத்தையும் தூக்கி எறியாமல் அடிக்குறிப்பில் வைப்பது பதிப்பாசிரியனின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய கருவி, 1982இல் வால்டர் டிக்கி உருவாக்கியது, 1986இல் டிக் க்ரூன் தொடங்கிவைத்த 'சிவிஎஸ்', அதற்கு மாற்றாக 2000இல் தொடங்கி 2004இல் முதல் முழுப் பதிப்பு கண்ட 'சப்வெர்ஷன்' என்று ஒரு வரிசை. 2005 ஏப்ரலில் லினக்ஸ் கருநிரலை எழுதுகிறவர்கள் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த 'பிட்கீப்பர்' என்ற தனியார் கருவியின் அனுமதி விலக்கப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் எழுதத் தொடங்கியதுதான் 'கிட்'. அதே மாதத்தில் 'மெர்க்கூரியல்' என்ற இன்னொன்றும் பிறந்தது.

சப்வெர்ஷனுக்கு ஒரு மையம் உண்டு. களஞ்சியம் ஒரே இடத்தில் இருக்கும்; மற்றவர்களிடம் இருப்பது வேலைக்கான நகல் மட்டுமே. கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழுக் களஞ்சியமும், அதாவது முழு வரலாறும், இருக்கும். உடனே நம் ஆட்களுக்கு ஒரு ஆசை வரும்: மையம் என்றால் அதிகாரம், பரவல் என்றால் விடுதலை. எனக்கும் வந்தது. மாறலாம் என்று நான் முதலில் கைதூக்கியதற்கு அதுதான் காரணம். ஆனால் அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பதிவு செய்யும் இடத்தில் தெரிவதில்லை. செய்ததைத் திரும்பப் பெற வேண்டி வரும்போதுதான் தெரிகிறது.

3

சப்வெர்ஷனில் எழுத்துக்கு இருப்பிடம் இரண்டு. ஒன்று உங்கள் மேசை. மற்றது எல்லோருக்கும் பொதுவான களஞ்சியம். பதிவு போட்டால் நேராகப் பொதுவுக்குப் போய்விடும். பதிவதும் வெளியிடுவதும் ஒரே செயல். எனவே திரும்பப் பெறுவதும் இரண்டு வகைதான். இன்னும் பதியாத மாற்றத்தை உதறிவிட்டு, கடைசியாக எடுத்துவந்த நிலைக்கே கோப்பைக் கொண்டுவருவது முதல் வகை. இதற்குப் பெயர் 'ரிவர்ட்'. ஏற்கெனவே பதிந்துவிட்டதைத் திரும்பப் பெறுவது இரண்டாவது வகை. இதற்குத் தனிக் கட்டளை இல்லை. அந்தப் பதிவின் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட்டு 'மெர்ஜ்' செய்து, வருவதை இன்னொரு புதுப் பதிவாகப் போட வேண்டும். பழைய பதிவு பழைய இடத்தில் அப்படியே இருக்கும்.

கிட்டில் இருப்பிடங்கள் நான்கு. மேசை, அடுத்த பதிவில் எவையெல்லாம் சேர வேண்டும் என்று பொறுக்கி வைக்கும் 'ஸ்டேஜ்', அதாவது அச்சுக்குப் போகும்முன் பக்கம் கட்டி வைப்பது மாதிரி, உங்கள் கணினியிலேயே இருக்கும் சொந்தக் களஞ்சியம், கடைசியாகப் பொதுக் களஞ்சியம். பதிவு போட்டால் அது மூன்றாவது இடம் வரைதான் போகும். 'புஷ்' என்று தனியாகச் சொன்னால்தான் நான்காவதுக்குப் போகும். எழுதுவதற்கும் வெளியிடுவதற்கும் இடையே தனக்குத்தானே பேசிக்கொள்ள ஒரு அறை கிடைக்கிறது. எழுத்தாளனுக்கு இது பெரிய வசதி. ஆனால் இருப்பிடம் நான்கானால் திரும்பப் பெறும் வழியும் நான்காகப் பெருகும்.

மேசையில் இருப்பதை உதற அன்று 'செக்கவுட்' என்ற கட்டளை இருந்தது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23ஆம் பதிப்பிலிருந்து அதற்கு 'ரெஸ்டோர்' என்று தெளிவான பெயர் கிடைத்தது. சப்வெர்ஷனிலோ 'செக்கவுட்' என்றால் களஞ்சியத்திலிருந்து முதன்முதலில் நகல் எடுத்துவருவது! பொறுக்கி வைத்ததைக் கலைக்கவும், சொந்தக் களஞ்சியத்தில் போட்ட பதிவைப் பின்வாங்கவும் 'ரீசெட்' உண்டு. இதற்கு மூன்று அளவுகள். 'சாஃப்ட்' என்றால் பதிவுமுனை மட்டும் பின்னால் நகரும். எதுவும் சொல்லாவிட்டால் பொறுக்கி வைத்ததும் கலையும். 'ஹார்ட்' என்றால் மேசையில் பதியாமல் கிடக்கும் திருத்தங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும், அதுவும் ஒரு வார்த்தை கேட்காமல். கடைசியாக, பொதுவுக்குப் போய்விட்ட ஒரு பதிவை நேர்மையாகத் திரும்பப் பெற இருப்பதற்குப் பெயர் 'ரிவர்ட்'. குறிப்பிட்ட பதிவுக்கு நேரெதிரான ஒரு பதிவை அது புதிதாக எழுதும்.

ஆக, ஒரே சொல். ஒரு கருவியில் அது 'இன்னும் சொல்லாததை விழுங்கிவிடு' என்கிறது. இன்னொன்றில் 'சொல்லிவிட்டதை எல்லோர் முன்னாலும் மறுத்துச் சொல்' என்கிறது. மெர்க்கூரியல் இதில் சப்வெர்ஷன் பக்கம் நிற்கிறது. அங்கே 'ரிவர்ட்' கோப்பைத் திருப்புவதுதான், எதிர்ப்பதிவுக்கு 'பேக்கவுட்' என்று வேறு பெயர். கருவி மாறுகிறவன் புதுச் சொற்களில் தடுக்கி விழுவதில்லை. அவற்றைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறானே! தெரிந்ததாக நினைக்கிற பழைய சொல்லில்தான் விழுகிறான்.

4

அந்த ராத்திரிக்கு வருவோம். மாலை முழுக்க ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு ஒரு வாய்மொழியைத் திருத்தியிருந்தேன். நாலு மணி நேரம். பதிவு போடவில்லை. ('முடிச்சிட்டு மொத்தமாப் போட்டுக்கலாம்'.) இன்னொரு கோப்பில் தேடி-மாற்றும் வசதியைக் கவனமில்லாமல் ஓடவிட்டதில் ஊர்ப்பெயர்கள் எல்லாம் குழம்பிப் போயின. சரி, இந்த ஒரு கோப்பை மட்டும் உதறிவிடலாம் என்று பழைய பழக்கத்தில் 'ரிவர்ட்' என்று அடித்துக் கோப்பின் பெயரையும் கொடுத்தேன். கிட் ஒப்பவில்லை. அது கேட்பது கோப்பின் பெயரை அல்ல, ஒரு பதிவின் பெயரை. எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் 'ஹெட்' என்று கொடுத்தேன். அது கடைசிப் பதிவைக் குறிக்கும். ஏதோ குறிப்பு எழுதச் சொல்லி ஒரு திரை வந்தது. மூடினேன். வேலை முடிந்தது என்று நினைத்து 'புஷ்' செய்தேன்.

கடைசிப் பதிவு என்னுடையதல்ல, ஒரு தோழருடையது. அவர் புதிதாக எழுத்தாக்கிச் சேர்த்த மூன்று வாய்மொழிகள். மூன்று கோப்புகளும் மறைந்துவிட்டன. என்னுடைய குழம்பிய கோப்பு குழம்பியபடியே இருந்தது.

இது முதல் பிழை. இது பெரிய பிழையே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பதிவுக்கு இன்னொரு எதிர்ப்பதிவு போட்டால் மூன்று கோப்புகளும் வந்திருக்கும். வரலாற்றில் 'இவன் தவறாக எடுத்தான், பிறகு திருப்பி வைத்தான்' என்று இரண்டு வரி இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததே தெரியாமல் செய்துவிட முடியுமா என்று தேடினேன். 'ரீசெட் ஹார்ட்' கிடைத்தது. ஒரு பதிவு பின்னால் போ என்றேன். தோழரின் கோப்புகள் வந்துவிட்டன. ஊர்ப்பெயர்களும் சரியாகிவிட்டன. அப்பாடா என்று என் வாய்மொழிக் கோப்பைத் திறந்தால், அது மத்தியானம் இருந்த நிலையில் இருந்தது. நாலு மணி நேரம் போச்சு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிட் எளிதில் எதையும் தொலைப்பதில்லை. பதிவுமுனை எங்கெங்கே இருந்தது என்பதை 'ரெஃப்லாக்' என்ற உள் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் தொண்ணூறு நாள். எந்தக் கிளையிலும் சேராமல் அநாதையாகிவிட்ட பதிவுகளுக்கு முப்பது நாள். 'ரீசெட்' செய்து தொலைத்த பதிவை அதற்குள் தேடி எடுத்துவிடலாம். ஆனால் அந்த நாட்குறிப்பு அந்தந்தக் கணினியோடு சரி, பொதுவுக்குப் போகாது. பதிவே ஆகாதது அதில் இருக்கவும் வழியில்லை. பதிவு போடாவிட்டாலும் பொறுக்கியாவது வைத்திருந்தால் உள்ளே எங்காவது ஒரு துணுக்காகக் கிடந்திருக்கும், தோண்டி எடுத்திருக்கலாம். நான் அதையும் செய்யவில்லை.

மூன்றாவது பிழை இன்னும் மோசம். பொதுக் களஞ்சியத்தில் என் எதிர்ப்பதிவு அப்படியே இருந்தது. அதையும் மறைக்க மறுபடி 'புஷ்' செய்தேன். மறுத்தது. அங்கே உங்களிடம் இல்லாத பதிவுகள் இருக்கின்றன, முதலில் அவற்றை எடுத்துப் பாருங்கள் என்று சொன்னது. வாசிக்கவில்லை. வாசிப்பது என் வேலை என்று மேலே எழுதியிருக்கிறேன்! 'ஃபோர்ஸ்' என்று சேர்த்து அடித்தேன். போனது. இடைப்பட்ட அரை மணி நேரத்தில் இன்னொரு தோழர் தன் திருத்தங்களைப் பதிந்து அனுப்பியிருந்தார். அவையும் பொதுக் களஞ்சியத்திலிருந்து போயின.

மறுநாள் காலை அவர் போன் செய்தார். "என்ன தோழர் பண்ணீங்க? நேத்து நான் போட்டதையே காணோமே." சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை, எங்கிட்ட இருக்கு" என்றார். இருந்தது. அவருடைய கணினியில் முழு வரலாறும் இருந்தது, என் எதிர்ப்பதிவு உள்பட. அங்கிருந்துதான் எல்லாவற்றையும் மீட்டோம். என் நாலு மணி நேரத்தைத் தவிர.

5

பத்திரம் எழுதுகிறவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எழுத்துப் பிழையானால் சுரண்ட மாட்டார்கள். கோடிட்டு அடித்து, மேலே திருத்தி எழுதி, பக்கத்தின் கடைசியில் 'இன்ன வரியில் அடித்தல், திருத்தல்' என்று குறித்துக் கையெழுத்து வாங்குவார்கள். அடித்தது தெரிய வேண்டும். அடித்தவன் யார் என்பதும் தெரிய வேண்டும். தத்துவத்திலும் இது நடந்திருக்கிறது. ஹைடெக்கர் 'இருத்தல்' என்ற சொல்லைக் குறுக்கே அடித்து, அடித்த கோட்டோடேயே எழுதினார். 1967இல் வந்த 'எழுத்தியல் குறித்து' நூலில் தெரிதா அந்த உத்தியை எடுத்துக்கொண்டார். சொல் போதாது, ஆனால் சொல் இல்லாமலும் முடியாது. எனவே அடி, ஆனால் அழிக்காதே. கிட்டின் 'ரிவர்ட்' இந்த அடித்தலைச் சேர்ந்தது. 'ஃபோர்ஸ்' அழித்தலைச் சேர்ந்தது.

அழித்தலின் அரசியலுக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஸ்டாலினின் போலீஸ் தலைவராக இருந்த பெரியா 1953இல் கைதாகிக் கொல்லப்பட்டார். சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தில் அவரைப் புகழும் கட்டுரை ஏற்கெனவே அச்சாகிச் சந்தாதாரர் வீடுகளுக்குப் போயிருந்தது. 1954இல் சந்தாதாரர்களுக்குப் புதுப் பக்கங்கள் போயின. பழைய பக்கங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளவும் என்ற குறிப்போடு. புதுப் பக்கங்களில் பெரிங் கடல் பற்றி விரிவாக இருந்தது. 'ஃபோர்ஸ்' என்று அடிக்கும்போது நாம் செய்வதும் இதே வேலைதான். பொதுவில் உள்ள பிரதியை மாற்றிவிட்டு, மற்றவர்கள் வீட்டில் உள்ளதை அவர்களே கத்தரித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது. வித்தியாசம் என்னவென்றால், கிட்டில் பலர் கத்தரிக்க மாட்டார்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான்.

6

இத்தோடு முடித்தால் ஒரு நல்ல நீதிக்கதையாகிவிடும்: அடி, அழிக்காதே. ஆனால் அடுத்து நடந்தது அந்த நீதியைக் குலைத்துவிட்டது.

மீட்கும் வேலைக்காக அந்தத் தோழரும் நானும் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பதிவில் ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்தோம். சப்வெர்ஷன் காலத்தில், வாய்மொழி தந்த சில மாதங்களுக்குப் பிறகு, தன் பெயரை எடுத்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். வேலை பார்க்கும் இடத்தில் அவருக்கு நெருக்கடி. உடனே மாற்றினோம். மாற்றுப் பெயர் போட்டோம், பதிவும் போட்டோம். வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தோம். முந்தைய நிலையைக் காட்டு என்றால் அவர் பெயர், அவர் வேலை செய்த இடம் எல்லாம் வந்தது. போதாக்குறைக்குக் கருவி மாறும்போது, வரலாற்றை இழக்கக் கூடாது என்ற பெருமிதத்தோடு அத்தனை பழைய பதிவுகளையும் கிட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். ஒரே மையத்தில் இருந்த அந்தப் பெயர் இப்போது ஐந்து கணினிகளில் இருந்தது.

தடயத்தோடு திருத்துவது நேர்மை என்று சொன்னேன். யாருடைய தடயம்? என் பிழையின் தடயம் இருக்கட்டும், அதற்கு நான் பொறுப்பு. இன்னொருவர் நம்மை நம்பிச் சொல்லி, பிறகு வேண்டாம் என்று திரும்பக் கேட்டதை 'வரலாறு' என்ற பெயரில் பிடித்து வைத்துக்கொள்வது நேர்மையல்ல, அது ஆக்கிரமிப்பு. ஆவணப்படுத்துகிறோம் என்று கிளம்புகிற நம் எல்லோரிடமும் இந்த ஆக்கிரமிப்பு இருக்கிறது.

கருவிகள் இதை அறியாதவை அல்ல. சப்வெர்ஷனில் பழைய பதிவொன்றை அறவே நீக்கும் கட்டளை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவந்தும் அது வரவே இல்லை. முழுக் களஞ்சியத்தையும் கொட்டி, ஒரு கோப்பை மட்டும் வடிகட்டித் தள்ளிவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். கோப்புக்குள் இருக்கும் ஒரு பெயரை அந்த வடிகட்டி தொடாது. டி. ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய 'ஃபாஸில்' வரலாற்றைத் திருத்தி எழுதுவதைக் கொள்கையாகவே எதிர்க்கும் கருவி. அதில்கூட, இருக்கவே கூடாத ஒன்றை விலக்க 'ஷன்' என்று ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். கிட்டில் 'ஃபில்டர்-ரெப்போ' என்ற துணைக் கருவியால் ஒரு சொல்லை எல்லாப் பழைய பதிவுகளிலும் மாற்றலாம். ஆனால் ஒரு பதிவின் அடையாள எண் அதன் உள்ளடக்கத்தையும் முந்தைய பதிவின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின் வரும் அத்தனையும் வேறாகிவிடும். பழைய நகல் வைத்திருக்கும் ஒருவர் தெரியாமல் இரண்டையும் இணைத்து அனுப்பினால் அந்தப் பெயர் மறுபடி உள்ளே வந்துவிடும்.

எனவே ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். ஒரு கணினியில் பெயரை நீக்கிப் புது வரலாறு எழுதினோம். மற்ற நாலு பேரும் தத்தம் நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொண்டோம். பழைய சப்வெர்ஷன் களஞ்சியமும் அதன் காப்பு நகல்களும் போயின. நான் அன்று கள்ளத்தனமாக அடித்த அதே 'ஃபோர்ஸ்' கட்டளையைத்தான் இப்போதும் அடித்தோம். எல்லோருக்கும் தெரிந்து, யாருக்காக என்று தெரிந்து அடித்தோம். இன்ன நாளில் ஒருவரின் வேண்டுகோளின்படி வரலாறு திருத்தப்பட்டது என்று, அவர் யார் என்பது தெரியாதபடி, ஒரு குறிப்பை மட்டும் விட்டுவைத்தோம்.

7

கருவி மாறப்போகிற தோழர்களுக்கு, பட்டதிலிருந்து சில.

திரும்பப் பெறும் எந்தக் கட்டளைக்கும் முன்னால் ஒரு கேள்வி: நான் எடுக்க நினைப்பது இப்போது எங்கே இருக்கிறது? மேசையிலா, சொந்தக் களஞ்சியத்திலா, பொதுவிலா? பழைய கருவியின் சொல் புதியதிலும் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பயம் வந்தால் முதல் வேலை பதிவு போடுவது. பதிந்தது அநேகமாக மீளும், பதியாதது மீளாது. அதற்கும் தைரியமில்லையா, முழு அடைவையும் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிட்டுக் கைவையுங்கள். பொதுவுக்குப் போனதற்கு எதிர்ப்பதிவு மட்டும் போடுங்கள். 'ஃபோர்ஸ்' தேவைப்பட்டால் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, அதுவும் 'வித் லீஸ்' என்பதைச் சேர்த்துச் செய்யுங்கள். நீங்கள் பார்க்காத பதிவு அங்கே வந்திருந்தால் அது மறுத்துவிடும்.

கடைசியாக, கருவி மாறும் தருணத்தைப் பற்றி. அப்போது வரலாறு முழுவதும் எப்படியும் மறுபடி எழுதப்படுகிறது. புது நகல் இன்னும் யார் கைக்கும் போகவில்லை. யாராவது எப்போதாவது 'என்னை எடுத்துவிடுங்கள்' என்று கேட்டிருந்தால் அதை முழுமையாகச் செய்ய அதைவிட நல்ல சமயம் வராது. நாங்கள் அதைத் தவறவிட்டோம். வாக்குமூலங்களும் வாய்மொழிகளும் சேர்த்து வைத்திருப்பவர்கள் உங்கள் இன்றைய பிரதியை மட்டும் பார்க்காதீர்கள், பழைய பதிவுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் எடுத்துவிட்டதாக நினைக்கும் பெயர்கள் அங்கே இருக்கக்கூடும்.

என் நாலு மணி நேரத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்து செய்தேன். இந்தத் தடவை அரை மணிக்கு ஒருமுறை பதிவு போட்டேன்.